ஓடியன் தட்டு மட்டும் சேர்க்கலாம்னு இருக்கேன், வழி சொல்லுங்க

லிந்தாங் ரோடு எழுதியது:

வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட். வேலை ஈப்போவில். பழைய பாட்டுத் தட்டு (கிராமபோன் ரெக்கார்ட்) சேர்க்க ஆரம்பித்து அதிக காலம் ஆகவில்லை, ஆனால் எதைச் சேர்ப்பது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஓடியன் கம்பெனித் தட்டு மட்டும். எச்.எம்.வி. நாய்ப் படம் எங்கே போனாலும் கிடைக்கிறது, கொலம்பியாவும் அப்படித்தான். ஓடியன் சின்னத்தில் தூண் வைத்த ஒரு கட்டடம் இருக்குமே, அதைப் பார்த்தால் என் கை தானாக அங்கே போய்விடுகிறது.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பாட்டி இருந்தார், அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். மகன் வீட்டோடு ரவாங்கிற்குப் போகும்போது ஒரு பலகைப் பெட்டியைக் காட்டி, "இந்தா புள்ள, நீதான் பழைய பாட்டு கேக்கற ஆளு, எடுத்துக்கோ. இல்லன்னா குப்பைக்குத்தான் போவும்" என்றார். உள்ளே 78 வேகத்தில் ஓடும் பழைய அரக்குத் தட்டு சில, கொஞ்சம் ஈ.பி. (சின்ன வினைல் தட்டு), இரண்டு எல்.பி. (பெரிய வினைல் தட்டு). அரக்குத் தட்டு ஒன்று ஓடியன், நாடகப் பாட்டு. எல்.பி. ஒன்றும் ஓடியன், சினிமாப் பாட்டு. இரண்டிலும் அதே கட்டடம். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது முப்பது வருஷ இடைவெளி இருக்கும்போல் தெரிகிறது. ஒரே கம்பெனியா இது? எப்படி அவ்வளவு காலம் ஓடியது?

எல்.பி. அட்டை ரொம்ப அழுக்கு. மேல் மூலையில் ஊதா நிற ரப்பர் முத்திரை. கடைப் பெயர் அழிந்துவிட்டது, "தெலுக் ஆன்சன்" என்பது மட்டும் படிக்க முடிகிறது. அதற்குக் கீழே பால்பாயிண்ட் பேனாவில் "3ம் நம்பர் லயம்" என்று, தோட்டத்து வரிசை வீட்டின் எண்ணை, யாரோ எழுதியிருக்கிறார். பக்கவாட்டில் செல்லோடேப் ஒட்டி, அது பழுப்பாகி உரிகிறது. இதையே வைத்துக்கொள்வதா, இல்லை பணம் சேர்த்து சுத்தமான பிரதி ஒன்றை வாங்கிவிட்டு இதைத் தள்ளிவிடுவதா?

என்னிடம் இருப்பது பெட்டி மாதிரி மடக்கும் சின்ன ப்ளேயர். 78 என்று ஒரு விசை இருக்கிறது. அரக்குத் தட்டை அதில் போடலாமா? இன்னும் பயந்துகொண்டு போடவில்லை. நம் பக்கத்தில் ஓடியன் எங்கே தேடினால் கிடைக்கும்? அப்புறம் பூஞ்சணம். பெட்டியைத் திறந்ததிலிருந்து வீடு முழுக்க அந்த வாடைதான்.


குழாய் செட் எழுதியது:

மகளே, வணக்கம். நான் உங்க வட்டாரத்துல மைக் செட் போட்டவன். எங்கப்பா தொடங்கினது, பின்னால நான் பார்த்துக்கிட்டேன். எல்பில், ஹீவூட், இந்தப் பக்கம் கோலகங்சார் வரைக்கும் தோட்டத்துக் கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாத்துக்கும் எங்க குழாய்தான் தென்னை மரத்துல ஏறும். தட்டுங்கிறது எனக்கு முதல்ல தொழில் சாமான். சேகரிப்பு எல்லாம் கேசட் வந்து தொழில் மாறின பிறகுதான். அதனால நீ கேட்ட அந்த அழுக்கு அட்டையைப் பத்திச் சொல்ல எனக்கு நிறைய இருக்கு. அதுக்கு முந்தி கம்பெனிக் கதை.

ஓடியன் பிறந்தது பெர்லின்ல, 1903ல. அந்தக் கட்டடம் பாரிஸ்ல இருக்கிற ஓடியன் நாடகக் கொட்டகை, பேரும் அதுலேருந்து வந்ததுதான். ஒரு தட்டுக்கு ரெண்டு பக்கமும் பாட்டுப் பதிச்சு 1904ல சந்தைக்குக் கொண்டு வந்தவங்க இவங்கதான். அதுவரைக்கும் பெரும்பாலும் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் வழவழன்னு வெறுமையா இருக்கும். பிற்பாடு கார்ல் லிண்ட்ஸ்ட்ரோம்ங்கிற ஜெர்மன் கம்பெனி கையில போச்சு. இந்தியாவுல ஓடியன் ரெண்டு தடவை வேலை செஞ்சது: 1912லேருந்து 1916 வரைக்கும் ஒரு சுத்து, 1932லேருந்து 1938 வரைக்கும் இன்னொரு சுத்து. முதல் சுத்து நின்ன நேரம் பாரு, ஜெர்மனியோட சண்டை நடக்குது.

நம்ம ஆளுங்களுக்கு முக்கியம் ரெண்டாவது சுத்து. மெட்ராஸ்ல சரஸ்வதி ஸ்டோர்ஸ்னு ஒரு கடை, அதுல தொழில் கூட்டாளி ஏ.வி. மெய்யப்பன். ஆமா, ஏவிஎம் ஸ்டுடியோ வெச்ச அதே செட்டியார்தான். படம் எடுக்கப் போறதுக்கு முந்தி அவர் ஓடியன் தட்டு வியாபாரம் பண்ணினார். பாடகர்களையும் நாடக நடிகர்களையும் பிடிச்சுப் பாட வெச்சு, பேச வெச்சு, தட்டாக்கி வித்தாங்க. அந்தத் தொழில்ல கை பழகின பிறகுதான் 1935ல அல்லி அர்ஜுனாவோட சினிமாவுல இறங்கினார். உன் கையில இருக்கிற நாடகப் பாட்டு அந்தக் காலத்துச் சரக்கா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. பத்திரமா வெச்சுக்கோ. தமிழ் சினிமாவுக்கு வாசல் திறந்த வியாபாரம் அது.

1931ல இங்கிலாந்துல கொலம்பியாவும் கிராமபோன் கம்பெனியும் சேர்ந்து இ.எம்.ஐ. ஆச்சு. லிண்ட்ஸ்ட்ரோம் அப்பவே கொலம்பியா கையில இருந்ததால ஓடியனும் அந்தக் குடும்பத்துக்குள்ள வந்துடுச்சு. பிற்பாடு கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா, கல்கத்தா டம்டம் ஆலையிலேருந்து, எச்.எம்.வி., கொலம்பியா, ஏஞ்சல், ஓடியன்னு பல சின்னத்துல எல்.பி.யும் ஈ.பி.யும் போட்டாங்க. உன்கிட்ட இருக்கிற எல்.பி. அதுல சேர்ந்தது. எண்ணைப் பாரு. எம்.ஓ.சி.இ. ன்னு ஆரம்பிச்சா ஓடியன் எல்.பி. முன்னால எஸ் போட்டு ஒரு சாய்கோடு இருந்தா ஸ்டீரியோ. எச்.எம்.வி. எல்.பி. இ.சி.எல்.பி.ன்னு வரும், ஏஞ்சல் 3ஏ.இ.எக்ஸ்.னு வரும். சந்தையில மேல் அட்டை கிழிஞ்சு மாறிப் போயிருக்கும், உள்ள ஒரு கம்பெனி வெளிய ஒரு கம்பெனியா கிடக்கும். எப்பவும் தட்டை வெளிய எடுத்து நடு லேபில்ல எண்ணைப் படிச்சுட்டுத்தான் காசை எடுக்கணும்.

இப்ப உன் அட்டைக்கு வர்றேன்.

தெலுக் ஆன்சன் பேரை 1982ல தெலுக் இந்தான்னு மாத்தினாங்க. அதனால உன் தட்டு அதுக்கு முன்னால வித்தது. முத்திரைக் கட்டையை யாரும் மறுநாளே மாத்த மாட்டாங்க, ஒன்னு ரெண்டு வருஷம் தள்ளிக் கணக்கு வெச்சுக்கோ. இதே மாதிரி போர்ட் சுவெட்டன்ஹாம்னு இருந்தா 1972க்கு முந்தி, அப்புறம் அது போர்ட் கிள்ளான். ஊருக்குப் பின்னால மலாயான்னு இருந்தா 1963க்கு முந்தின முத்திரை. விலைச் சீட்டுல டாலர் குறி இருந்தா 1993க்கு முந்தி, அதுக்கப்புறம்தான் ஆர்.எம்.னு போட ஆரம்பிச்சாங்க. கம்பெனி தட்டு மேல வருஷத்தை அச்சடிக்காம விட்ட இடத்துல நம்ம கடைக்காரர் ரப்பர் முத்திரை வருஷம் சொல்லுது. வெளிநாட்டுலேருந்து வாங்குற சுத்தமான பிரதியில இது ஒன்னும் இருக்காது.

இன்னொன்னு செஞ்சு பாரு. ராத்திரி டியூப் லைட்டுக்குக் கீழ தட்டைச் சாய்ச்சுப் பிடி. ஒரு பக்கத்துல நாலு பாட்டோ அஞ்சு பாட்டோ இருக்கும், நடுவுல மெல்லிசா கோடு பிரிச்சுக் காட்டும். மத்த பாட்டெல்லாம் கறுப்பா மினுக்கும், ஏதாச்சும் ஒரு பாட்டு மட்டும் சாம்பல் பூத்த மாதிரி மங்கலா இருக்கும். அங்கதான் ஊசி திரும்பத் திரும்ப இறங்கியிருக்கு. தோட்டத்து ஜனம் கேட்ட பாட்டு அது. நாங்க செட் போடறப்ப முதல் தட்டு விநாயகர் பாட்டு, பெரும்பாலும் சீர்காழி கோவிந்தராஜன். அது எங்க முறை. அதுக்கப்புறம் பாட்டை முடிவு பண்றது நாங்க இல்ல. பசங்க வந்து மேடைக்குப் பக்கத்துல நின்னு, "அண்ணே, அந்த ரெண்டாவது பாட்ட இன்னொரு வாட்டி போடுங்கண்ணே"ன்னுவாங்க. பெரட்டுக் களத்துல பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பற மண்டோரே சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து ஒரு பாட்டைக் கேட்டு நிப்பார். ஒரு தோட்டத்துல எந்தப் பாட்டை விரும்பினாங்கன்னு எந்தப் பேப்பரும் எழுதி வைக்கல. அந்த மங்கின வளையம் மட்டும்தான் இருக்கு.

அதனால என் முடிவு இதுதான் மகளே: அந்த எல்.பி.யைத் தள்ளிடாதே. பாட்டு நல்லாக் கேக்கணும்னா சுத்தமான பிரதி இன்னொன்னு வாங்கு, தப்பில்ல. ஆனா ஓடியன் சேர்க்கிறேன்னு நீ சொன்னா, நம்ம நாட்டுல, நம்ம ஜனங்க வீட்டுல ஓடின ஓடியனைச் சேரு. சுத்தமானதை உலகம் முழுக்க சேர்க்கிறாங்க. லயத்து நம்பர் போட்டதைச் சேர்க்க நம்மள விட்டா வேற ஆள் கிடையாது.

அந்தத் தட்டுங்க இங்க வந்து சேர்ந்த வழியையும் சொல்லிடறேன், தேடறதுக்கு உதவும். பாதி சரக்கு பினாங்கு ஸ்ட்ரீட், ஈப்போ, கோலாலம்பூர் லெபோ அம்பாங் பக்கத்துக் கடைங்க வழியா வந்தது. மீதி கப்பல்ல ஆள் கையோட வந்தது. ரஜூலா கப்பல் மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு 1970கள் தொடக்கம் வரைக்கும் ஓடிச்சு, அதுக்கப்புறம் சிதம்பரம் கப்பல். ஊருக்குப் போய்ட்டு வர்ற கிராணி (தோட்டத்து கிளார்க்), கங்காணி வீட்டு ஆளுங்க பெட்டிக்குள்ள துணிக்கு நடுவுல தட்டு வெச்சுக் கொண்டாருவாங்க. அப்படி வந்ததுல கடை முத்திரை இந்திய ஊர் பேரோட இருக்கும். தோட்டத்துல சம்பளம் போடற நாள்ல துணி, பாத்திரம், வளையல் வியாபாரிங்க வருவாங்க, அவங்க கூடையிலும் சில நேரம் ஈ.பி. கிடக்கும். பெரிய தோட்டத்தைத் துண்டு போட்டு வித்த தோட்டத்துண்டாடல் வந்தப்பவும், ரப்பர் போய் செம்பனை வந்து லயத்தை விட்டு ஜனங்க வெளியேறினப்பவும், முதல்ல குப்பைக்குப் போனது இந்தப் பெட்டிங்கதான். எடை அதிகம், பாட வைக்கிற பெட்டியும் கெட்டுப்போயிருக்கும். தூக்கிட்டுப் போக யாருக்கு மனசு வரும்.

அதனால தேடற இடம் சந்தை மட்டுமில்ல. பழைய பேப்பர், இரும்பு எடுக்கிறவர் யாராச்சும் உங்க தாமானுக்கு வந்தா பேசி வெச்சுக்கோ. தோட்டத்துக் கோயில் கமிட்டி ஸ்டோர் ரூம் கேட்டுப் பாரு, உடைஞ்ச குழாய்க்கும் பழைய ஆம்பிளிபையருக்கும் அடியில ஒரு பெட்டி கண்டிப்பா இருக்கும். ஈப்போவுல ஞாயிறு காலை மெமரி லேன் சந்தை. பினாங்குல லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தை. ஒன்னு கவனம்: ஓடியன் மலாய்ப் பாட்டும் ஜாவாப் பக்கத்துப் பாட்டும் நிறைய பதிச்சிருக்கு, லோரோங் கூலிட்டுல கட்டடச் சின்னத்தைப் பார்த்ததும் தமிழ்னு நினைச்சுடாதே. ஆனா கிடைச்சா விடாதே, அதுவும் நல்ல சரக்கு.


அம்கோர்ப் வாசி எழுதியது:

பெரியவர் சொன்னதை மதிக்கிறேன், ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு மாறான கருத்து. நான் பெட்டாலிங் ஜெயா. அம்கோர்ப் மாலில் வார இறுதியில் தட்டு வாங்குவதும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் வாங்குவதும்தான் என் பொழுது. அட்டையில் எழுத்து, முத்திரை, டேப் எல்லாம் இருந்தால் தரம் ஒரு படி இறங்கும், விலையும் இறங்கும். நாளைக்கு நீங்கள் விற்க நினைத்தால் அந்த 3ம் நம்பர் லயத்திற்காக யாரும் கூடுதல் காசு தரமாட்டார்கள். சாம்பல் பூத்த தட்டை நல்ல ஊசியில் போட்டால் இரைச்சல்தான் வரும், தேய்ந்த பள்ளம் மறுபடி வளராது. ஒரு கம்பெனி வெளியீடுகளை முழுமையாகச் சேர்ப்பது என்றால் எண் வரிசைப்படி, கேட்கக்கூடிய நிலையில், அட்டையோடு சேர்ப்பதுதான். இல்லையென்றால் அது தட்டுச் சேகரிப்பு ஆகாது, ஊர் வரலாறு ஆகிவிடும்.

ஆனால் லிந்தாங் ரோடுக்கு ஒரு நல்ல செய்தி. இந்தியாவின் பழைய ஓடியன் அரக்குத் தட்டுகளைப் பிரிட்டிஷ் நூலகம் அழிநிலை ஆவணத் திட்டத்தில் (Endangered Archives Programme) மின்னிலக்கமாக்கியிருக்கிறது. உங்கள் நாடகப் பாட்டை அதில் தேடிப் பாருங்கள். எண்ணும் பாடகர் பெயரும் தெரிந்தால், உங்கள் தட்டைத் தொடாமலேயே அதில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிடலாம்.


ஊசிமுனை எழுதியது:

நான் தைப்பிங். ப்ளேயர் பழுது பார்க்கிறேன். கேள்வியில் ஒரு பகுதிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, அது அவசரமான பகுதி. தங்கச்சி, அந்தப் பெட்டி ப்ளேயரில் அரக்குத் தட்டைப் போடவேண்டாம். பயந்தது நல்லதாயிற்று.

அதில் 78 விசை இருப்பது உண்மை, மோட்டார் அந்த வேகத்தில் சுற்றும். ஊசி மாறாது. எல்.பி. ஊசியின் முனை ஒரு இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைவு. அரக்குத் தட்டின் பள்ளம் அகலம், அதற்கு ஆயிரத்தில் மூன்று பங்கு முனை வேண்டும். சின்ன ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் சுவரைத் தொடாமல் அடியில் கிடக்கும் தூசியை உழுதுகொண்டு போகும். பாட்டு பின்னால், சரசரப்பு முன்னால். தட்டுக்கும் கெடுதல், ஊசிக்கும் கெடுதல். மேலும் அந்த வகை ப்ளேயரில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்தும் பகுதி), தட்டின் மேல் அழுத்தம் அதிகம். எல்.பி.க்கும் அதை நீண்ட காலம் நம்பக்கூடாது.

பழைய ப்ளேயர் வாங்குவதென்றால் கேட்டு வாங்குங்கள். டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்.கே. 2 என்றால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள், அதில் 78 கிடையாது, 33ம் 45ம் மட்டும். ஆடியோ டெக்னிகா எல்.பி. 120இல் மூன்று வேகமும் உண்டு. அதற்கு வி.எம். 95 வரிசைக் கார்ட்ரிட்ஜ் போட்டால் வசதி: எல்.பி.க்கு ஒரு ஊசி, அரக்குக்கு எஸ்.பி. என்ற ஊசி, கார்ட்ரிட்ஜைக் கழற்றாமல் ஊசியை மட்டும் மாற்றலாம். ஆம்பிளிபையரில் மோனோ விசை இருந்தால் அரக்குத் தட்டுக்குப் போட்டுவிடுங்கள், இரைச்சலில் ஒரு பகுதி அங்கேயே அடங்கிவிடும். இன்னும் ஒன்று, ஆம்பிளிபையரின் போனோ சர்க்யூட் 1954இல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவுக்கு (பதிவில் தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளை ஏற்றி இறக்கும் பொது அளவு) ஏற்பச் செய்தது. 1930களின் தட்டு அந்த வளைவில் பதியவில்லை. அதனால் குரல் கொஞ்சம் அமுங்கினாற்போல் கேட்டால் தட்டைக் குறை சொல்லாதீர்கள், டிரெபிளைச் சற்றே ஏற்றிப் பாருங்கள்.

யாராவது சாவி கொடுக்கும் பழைய கிராமபோனைக் கொண்டுவந்து, எல்.பி.யையும் ஈ.பி.யையும் இதில் போட்டுக் காட்டு என்று சொன்னால் தட்டை ஒளித்து வைத்துவிடுங்கள். அந்த இரும்பு ஊசியும் சவுண்டு பாக்ஸின் எடையும் வினைல் பள்ளத்தை ஒரே ஓட்டத்தில் நாசமாக்கிவிடும். அரக்குத் தட்டுக்கே கூட இரும்பு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று என்பதுதான் கணக்கு. ஊசி டப்பாவில் நூறு, இருநூறு என்று விற்றதே அதனால்தான்.

கழுவுவது பற்றி. அரக்கு ஆல்கஹாலில் கரையும். கண்ணாடி துடைக்கும் திரவம், ஸ்பிரிட், ஐசோபுரோபைல் எதுவும் அரக்குத் தட்டின் பக்கம் போகக்கூடாது. காய்ச்சி வடித்த நீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மென்மையான பிரஷ், லேபில் நனையாமல். உடனே துடைத்துக் காயவிடுங்கள். வினைலுக்கு மட்டும் மூன்று பங்கு வடித்த நீருக்கு ஒரு பங்கு ஐசோபுரோபைல் சேர்க்கலாம், பூஞ்சணத்துக்கு அது நன்றாகக் கேட்கும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்த பிறகு உப்பு பள்ளத்திலேயே தங்கிவிடும்.


லிந்தாங் ரோடு எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னபடி டியூப் லைட்டில் சாய்த்துப் பார்த்தேன். இரண்டாவது பக்கத்தில் மூன்றாவது பாட்டு முழுக்க மங்கியிருக்கிறது. முதல் பக்கம் புதிது போல இருக்கிறது, யாரும் திருப்பவே இல்லைபோல. அது வேகமான பாட்டும் இல்லை, தாலாட்டு. பாட்டிக்கு ரவாங்கிற்குப் போன் செய்து கேட்டேன். ஆயக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அக்கா ஒருவர் பகலில் அதை ஓயாமல் போடுவாராம், அவர் வீட்டுத் தட்டுதானாம் அது. பாட்டி கல்யாணமாகி வந்தபோதே அந்த அக்கா அங்கே இருந்தாராம்.

எண் எம்.ஓ.சி.இ., முன்னால் எஸ் இருக்கிறது. அம்கோர்ப் அண்ணா, எண் வரிசைப் பட்டியல் ஒன்று போட்டு வைக்கத் தொடங்கிவிட்டேன், அது எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் இந்தப் பிரதி வீட்டை விட்டுப் போகாது.

ஐயா, இப்படித் தெரிந்துகொண்ட விவரத்தை எங்கே எழுதி வைப்பது? அட்டையிலேயே எழுதலாமா? அப்புறம் எங்கள் வீடு தகரக் கூரை, மதியத்தில் அறை கொதிக்கும். எங்கே அடுக்கி வைப்பது?


குழாய் செட் எழுதியது:

தாலாட்டா! ஆயக்கொட்டகையில ரெக்கார்ட் ப்ளேயர் இருந்த தோட்டம் ரொம்பக் கம்மி மகளே. எந்தத் தோட்டம்னு பாட்டிக்கிட்ட கேட்டு எழுது. தெலுக் ஆன்சன் கடையில வாங்கின தட்டு சுங்கை சிப்புட் லயத்துக்கு வந்திருக்குன்னா அந்த அக்கா கீழ்ப் பேராக்லேருந்து கல்யாணமாகி வந்தவங்களா இருக்கலாம். அதையும் கேளு. பாட்டிக்கு ஞாபகம் இருக்கிறப்பவே கேட்டுடணும், இதுல தள்ளிப்போடற பேச்சே கூடாது.

அட்டையில நீ எழுதாதே. அது அவங்க எழுதின அட்டை. தனியா ஒரு நோட்டு போடு. தட்டு எண், லேபில்ல இருக்கிற பேர், முத்திரையில என்ன இருக்கு, பேனாவுல என்ன இருக்கு, எந்தப் பாட்டு தேய்ஞ்சிருக்கு, யார் கொடுத்தாங்க, அவங்களுக்கு எங்கேருந்து வந்தது. இவ்வளவும் இருக்கணும். ஒரு சின்னத் துண்டுச் சீட்டுல அந்த நோட்டுப் பக்க எண்ணை மட்டும் பென்சில்ல எழுதி அட்டைக்குள்ள போட்டுடு. பேனா மை தட்டுல ஒட்டும், பென்சில்தான் சரி. எங்கப்பா ஒவ்வொரு அட்டை மூலையிலயும் வெள்ளை எனாமல் பெயிண்டுல பெரிசா நம்பர் போடுவார், காஸ் விளக்கு வெளிச்சத்துல சட்டுனு எடுக்கணுமே. அது தொழிலுக்குப் போட்டது. நீ அப்படிச் செய்ய வேண்டாம்.

அம்கோர்ப் தம்பி, எண் வரிசை வேணும்னு நீங்க சொன்னது சரிதான். எண் வரிசை இருந்தாத்தான் எது இல்லன்னு தெரியும். ஆனா விலை இறங்கும்னு சொன்னீங்களே, அதனாலதான் இந்தப் பிள்ளைக்கு நான் இதைச் சொல்றேன். யாரும் கேக்காத தட்டை எஸ்டேட் சம்பளத்துல வளர்ந்த வீட்டுப் பிள்ளைகூட வாங்கிச் சேர்க்க முடியும். ஊர் வரலாறு ஆயிடும்னு சொன்னீங்க, ஆகட்டும். ரெண்டும் ஒரே அலமாரியில இருக்கட்டும்.

வைக்கிற இடத்துக்கு வர்றேன். தகரக் கூரை வீட்டுல அலமாரி மேல் அடுக்குல எதையும் வைக்காதே, சூடு மேலதான் தங்கும். சிமெண்டுத் தரையிலயும் வேண்டாம், ஈரமும் கறையானும் அங்கதான். முழங்கால் உயரத்துல, வெளிச்சுவர்ல ஒட்டாம, உள்சுவர்ப் பக்கம் ஒரு பலகை அலமாரி. தட்டு நிமிர்ந்து நிக்கணும், சாயக்கூடாது. படுக்க வெச்சு அடுக்கினா அடியில இருக்கிற அரக்கு விரிசல் விடும், வினைல் வளையும். அரக்குத் தட்டை அலமாரியில ஒரு தனிப் பிரிவுல வை, எல்.பி.யோட கலக்காதே. எடையும் வேற, அளவும் வேற.

பிளாஸ்டிக் உறை வாங்கறப்ப பளபளன்னு தடிமனா, வாடை அடிக்கிற பி.வி.சி. உறையைத் தொடாதே. நம்ம வெயிலுக்கு அது வினைலோட ஒட்டி மேல்பரப்புல மூட்டம் போட்டுடும், அப்புறம் கழுவினாலும் போகாது. பாலிபுரோபிலீன் உறை மலிவுதான், அதை வாங்கு. பூஞ்சணம் பிடிச்ச உள்தாளைத் தூக்கிப் போட்டுப் புதுசு மாத்து. அதுல கம்பெனி விளம்பரம் அச்சடிச்சிருந்தா மட்டும் தனியா எடுத்து வெச்சுக்கோ, பழைய ஓடியன் விளம்பரத்துல மத்த தட்டுங்க எண் எல்லாம் இருக்கும், உன் பட்டியலுக்கு உதவும். அட்டையை வாசல்ல காத்தாட வெச்சு, மூக்குல துணி கட்டிக்கிட்டு, காய்ஞ்ச பிரஷால துடை. தட்டை வெயில்ல வைக்கவே கூடாது. அரைமணி நேரம் போதும் அது தோசை மாதிரி மடங்க.

அந்தப் பழுப்பு டேப்பை இழுக்காதே, அட்டையோட மேல்தோலும் சேர்ந்து வரும். தானா உதிர்ந்தா எடு, இல்லன்னா விட்டுடு. ராமபாணப் பூச்சி அட்டைப் பசையைத் தின்னும், அதனால அலமாரியில வேப்பிலை வை, மாசம் ஒரு தடவை எல்லாத்தையும் வெளிய எடுத்துத் தூசி தட்டு.

ஊசிமுனை தம்பி சொன்ன ஊசி என்கிட்ட இருக்கு. மூணு வேக ப்ளேயரும் இருக்கு. மெமரி லேன் சந்தைக்கு ஞாயித்துக்கிழமை காலையில ஏழரை மணிக்கெல்லாம் நான் வந்துடுவேன், பித்தளைச் சாமான் பரப்பற வரிசைக்குப் பக்கத்துல நிப்பேன். அந்த நாடகத் தட்டைத் துணி சுத்தி, நிமிர்த்தி, கூடையில வெச்சுக் கொண்டா. பஸ்ல வந்தா மடியில வெச்சுக்கோ. பசியாறிட்டு எங்க வீட்டுக்குப் போய்ப் போட்டுக் கேப்போம், உங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு வா. நாடகத் தட்டுன்னா சில நேரம் ஒன்னோட நிக்காது, பல தட்டு சேர்ந்த செட்டாவும் வித்திருப்பாங்க. பெட்டியில மத்ததுங்க லேபில் கிழிஞ்சு கிடக்குதான்னு வர்றதுக்கு முந்தி ஒருதரம் பார்த்துடு.